விழுவதானால் இப்போதே

தூக்கி நிறுத்திய எந்தப் பொருளின் கீழும் அவர் நின்று நான் கண்டதில்லை. ஒரே ஒரு முறை கண்டேன். அதைச் சொல்வதற்கு முன் அவர் நிற்காத இடங்களைச் சொல்லியாக வேண்டும்.

காப்பி ஓட்டலில் மின்விசிறிக்கு நேர் கீழே மேசை காலியாக இருந்தாலும் சுவரோரம் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பார். கலியாணப் பந்தலில் சர விளக்குத் தொங்குமிடத்தைக் கண்ணாலேயே அளந்து, இரண்டடி தள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ரயில் பாலத்தின் மேல் சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தால் அது கடக்கும்வரை கீழ்ச் சாலையில் ஒரு பீடி நேரம் நிற்பார். பீடிப் பழக்கம் இல்லாதவர் ஆதலால் வெறுமனே நிற்பார்.

கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் அவருக்குச் சுமை தூக்கும் பிரிவில் வேலை. யானை யானையாகக் கிடக்கும் இரும்பு உருளைகளுக்குக் கம்பிவடம் கட்டி, கிரேன் கொக்கியில் மாட்டி, கையசைவால் மேலே அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கச் சொல்வாராம். பிறகு இரு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்துத் தள்ளிப் பார்ப்பாராம். ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தால் தரைக்கு மட்டுமே சேதம். அப்போது அதனிடம் அவர் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. இரும்பிடம் என்றில்லை, ஏணியிடமும் முக்காலியிடமும் எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியிடமும் அதையேதான் சொன்னார்.

"விழணும்னா இப்ப விழு."

அதில் அதட்டல் இராது. வந்தவரிடம் காப்பியா மோரா என்று கேட்கிற குரல். அலமாரி அன்று சற்று ஆடியது. மறுவாரம் ஒரு துண்டுக் கம்பி கொண்டுவந்து அதைச் சுவர் ஆணியோடு கட்டிவிட்டுப் போனார். இந்த வரிகளை எழுதும்போது எனக்குப் பின்னால் அதே அலமாரி நிற்கிறது, கம்பியோடு.

எழுபதுகளின் பிற்பகுதி அது. திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். முசிறியில் தனியே இருந்த மாமனாரை ஞாயிறுதோறும் பார்த்துவர, சாம்பல் நிறத்தில் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். காவிரியை ஒட்டிய அந்தச் சாலையில், இருபுறமும் வாழைத் தோட்டங்கள் பசும் இருட்டாக நகர்ந்துகொண்டிருக்க, காரின் முன்பக்கத்திலிருந்து 'டொக் டொக்' என்று ஓர் ஒலி எழும். ஒருநாள் ஜீயபுரத்தில் இளநீருக்காக நிறுத்தியபோது, கேரியரில் வாழையிலைக் கட்டோடு சைக்கிளில் வந்த இவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். இலை வெட்டிய தோட்டம் அவருடைய அண்ணனுடையது என்று பின்னர் தெரிந்தது.

"சார், இத எத்தன நாளா ஓட்டுறீங்க?"

"நாலு மாசமா."

"நாலு மாசமா இது உங்களக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. நீங்க ரேடியோ கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டிருக்கீங்க."

காருக்குள்ளிருந்து என் மனைவி சிரித்துவிட்டாள். "நன்னாச் சொன்னேள். நான் சொன்னா, ரோடு சரியில்லைம்பார் இவர்."

அவர் குனிந்து இடது சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "ரோடு நல்லாத்தாம்மா இருக்கு. சஸ்பென்ஷன் போயிருச்சு. சக்கரத்தத் தாங்குற கையில பின்னு தேஞ்சிருக்கு. எனக்கு லீவு நாள்ல வந்து பாக்கட்டுங்களா?"

அப்படித்தான் வந்தார். அதன் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள், காருக்கு நோய் இருந்த நாட்களிலும் இல்லாத நாட்களிலும், வந்துகொண்டிருந்தார்.

அவர் வேலை செய்கிற முறை வீதிக்கே வேடிக்கை. வாசலையொட்டிய மணலில் காரை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுப்பார். ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்குவார். தூக்கியவுடன் ஜாக்கியை மறந்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. "ஜாக்கி தூக்குறதுக்கு சார். தாங்குறதுக்கு இல்ல." தாங்குவதற்கென்று ரயில் பாதைக் கட்டைகளைத் துண்டுகளாக அறுத்து வைத்திருந்தார். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, காரின் சட்டத்தை அதன் மேல் இறக்குவார். பிறகு பக்கவாட்டில் வந்து நின்று, இடுப்பால் காரை மூன்று முறை இடிப்பார். மூன்று முறையும் அந்த வாக்கியம்.

ஸ்பிரிங்கைக் கழற்றுவது தனிச் சடங்கு. காரின் பாரத்தைத் தாங்கி அமுங்கியிருக்கும் அந்தத் தடித்த சுருளுக்குள் சங்கிலியை நுழைத்துச் சட்டத்தோடு பூட்டுவார், பாய்கிற மாட்டைக் கட்டுவது போல. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கைக்கு அடியில் இரண்டாவது ஜாக்கியைக் கொடுத்து, போல்ட்டைத் தளர்த்தி, ஜாக்கியை விரற்கடை விரற்கடையாக இறக்குவார். சுருள் மெல்ல நீண்டு, ஒருகட்டத்தில் பெருமூச்சு விட்டதுபோல் தளர்ந்துவிடும். அதுவரை அவர் முகம் அதற்கு நேராக ஒருபோதும் வராது. சுருளில் ஒடுங்கியிருக்கும் ஆற்றலை மாணவர்களுக்குக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டியவன் நான். அதற்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர் அவர்.

"பெரிய கம்பெனியில வேலை பாக்கறவர், இப்படிப் பயந்து சாகறாரே!" என்று எதிர்வீட்டுப் பெரியவர் என்னிடம், அவர் காதுபடவே சொல்வார். இவர் காருக்கு அடியில் பார்த்தபடியே பதில் கொடுப்பார்: "பயப்படுறேன் சாமி, சாகல. அதத்தான் பாக்கணும்."

என் மனைவிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இத்தனை எச்சரிக்கைக்கு ஏதோ ஒரு விபத்துக் காரணமாக இருக்க வேண்டும். யாரோ, எப்போதோ, எதன் அடியிலோ. ஒருநாள் தயிர்சாதம் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"யார் மேலயாவது விழுந்திருக்கா? சொல்லப்படாதுன்னா வேண்டாம்."

"ஒண்ணும் விழல அம்மா. இந்த வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஒண்ணுகூட விழல." ஊறுகாயை ஓரமாக ஒதுக்கினார். "அதனாலதான் பயமா இருக்கு."

இந்தப் பதிலை அவள் வெகுநாள் சொல்லிச் சொல்லி ரசித்தாள். அவர் வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டாள். பரணிலிருந்து பாத்திரம் எடுக்க முக்காலியில் ஏறுமுன் அதை ஓர் உலுக்கு உலுக்கி, அவர் குரலிலேயே, "விழணும்னா இப்ப விழு" என்பாள். முக்காலி விழாது. என்னைப் பார்த்துக்கொண்டே ஏறுவாள்.

மாமனாருக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்த பின் அவரை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். வலப்பக்கம் முழுவதும் செயலற்றுவிட்டது. பேச்சு பாதி பேச்சும் பாதி மூச்சுமாக இருந்தது. அந்தப் பாதியிலும் ஒன்றைத் தெளிவாகக் கேட்டார்: சித்திரையில் வாசல் வழியே பெருமாள் எழுந்தருளும்போது தாம் ஒருதரம் சேவிக்க வேண்டும். அடுத்த சித்திரையைப் பற்றி மருத்துவர் எதுவும் சொல்லவில்லை, சொல்லாததே சொன்னதாயிற்று. என் மனைவி தந்தையின் இடது கையைப் பிடித்து, "வாசல்லயே ஒக்காத்தி வெக்கறேன்ப்பா, கண்ணுக்கு நேரே" என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்குக்கும் கார்தான் குறுக்கே நின்றது. பெருமாள் புறப்பாட்டுக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிறன்று, அவர் காரைக் கட்டைகளின் மேல் ஏற்றியிருந்தார். கழற்றிப் பார்த்தபோது கீழ்க் கையின் பின் தேய்ந்தது மட்டுமல்ல, மயிரிழையாக ஒரு விரிசலும் ஓடியிருந்தது. லேத்தில் கடைந்து வந்த புதிய பின்னை நகத்தால் தட்டிப் பார்த்து, "இது இரும்பு இல்ல சார், வெல்லம்" என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவது பின் புதன் மாலைதான் வரும் என்றார்கள். புறப்பாடு புதன் காலை.

செவ்வாய் மாலை நான் பொறுமையிழந்தேன். "பழைய பின்னையே போட்டு எறக்கிடுங்கோ. ஓட்டப் போறதில்லை. பக்கத்துச் சந்துல தள்ளி விட்டுடறோம்."

"விரிசல் விட்டத என் கையால மாட்ட மாட்டேன் சார். தள்ளுறப்பவே ஒடிஞ்சா யார் காலு?" அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "கார் இங்கயே இருக்கட்டும். நான் நைட் ஷிப்ட் முடிச்சுக் காலைல வரேன். யாரும் தொடாதீங்க. போயிட்டு வரேன்."

புதன் விடியல் இன்றும் என் நினைவில் ஈரமாகவே இருக்கிறது. பெருமாள் வருகிற நாளில் வீதி முழுவதும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் தெளிப்பார்கள். புழுதி அடங்கி, மண் கறுத்து, அதன் மேல் கோலங்கள் வெள்ளை வெளேரென்று விழும். வீட்டுக்கு வீடு கோலம் கைகோத்துக்கொண்டு போகும். எங்கள் வாசலில் மட்டும் அது அறுபடுவது என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. காரைச் சுற்றி நாலைந்து வாளி தாராளமாகத் தெளித்து, கட்டைகளை வளைத்துக்கொண்டு இழை இழுத்திருந்தாள். சக்கரமில்லாத கார் கோலத்தின் நடுவே, அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குக் காத்திருப்பது போல நின்றது.

எதிர்வீட்டுப் பெரியவர் வந்துவிட்டார். "என்ன ஓய், பெருமாள் எழுந்தருளற வீதியில இந்த எலும்புக்கூட்டை நிறுத்தி வெச்சிருக்கீர்? காலேஜ்ல இதான் சொல்லித் தரேளா?"

உள்ளே மாமனார், "நாழி ஆச்சா, நாழி ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொலைவில் மேளம் சோதித்துப் பார்க்கிற ஓசை. ஸ்பிரிங்கைத்தான் கழற்றி வைத்தாயிற்றே, அபாயம் என்ன இருக்கிறது என்று நான் வாதித்துக்கொண்டேன். பழைய பின்னைச் செருகி, சக்கரத்தை மாட்டினால் இருபது கஜம் உருளாதா? வேட்டியை மடித்துக் கட்டி, பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு, மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். ஈர மண் முதுகில் குளிர்ச்சியாக இருந்ததும், நெஞ்சுக்கு மேல் அரை முழத்தில் கரிய இரும்பு அசையாமல் நின்றதும் நினைவிருக்கிறது. அங்கே ஒரு வினோதமான அமைதி இருந்தது. மேளம்கூட மண் வழியாகத்தான் கேட்டது.

என் கணுக்கால்கள் இரண்டையும் யாரோ பற்றினார்கள். ஒரே இழுப்பு. வெளியே, வெளிச்சத்தில், கோலத்தின் மேல் கிடந்தேன். காக்கி உடையில், தோளில் சாப்பாட்டுத் தூக்கோடு அவர் நின்றார்.

"ஆட்டிப் பாத்தீங்களா?"

"நீங்கதான் நேத்தே ஆட்டினேளே" என்றேன். குரலில் கோபம் இருந்தது.

"நேத்து இருந்த மண்ணு வேற சார்."

தூக்கை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் காரின் பக்கவாட்டில் போய் நின்றார். இடுப்பால் ஒரு முறை இடித்தார். ஒன்றுமில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் கனைத்தார். இரண்டாம் முறை. ஒன்றுமில்லை. மூன்றாம் முறை இடித்தபோது இடப்புறக் கட்டையடுக்கு, தூக்கத்தில் தலை சாய்வது போல, அவசரமேயில்லாமல் சாய்ந்தது. கார் முனகிக்கொண்டு அமர்ந்தது. சக்கரம் மாட்டும் இரும்புத் தட்டு, நான் படுத்து அழுந்திய ஈரப் பள்ளத்துக்குள் ஒரு சாண் இறங்கி நின்றது.

என் மனைவி கையில் தூக்கோடு நின்றாள். தரையைப் பார்த்தாள், காலி வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது கண்டதை நான் எழுதப்போவதில்லை.

அவர்தான் முதலில் பேசினார். "தண்ணி தெளிச்சது தப்பில்லம்மா. பெருமாள் வர்றாருன்னா தெளிக்கத்தான் செய்வாங்க. நாங்கதான் மறுபடி ஆட்டிப் பாக்கணும்." பிறகு பெரியவரை நோக்கி, "சாமி, ஒரு மணி நேரத்துல இத நகத்த முடியாது. நடுவீதில வழி தாராளமா இருக்கு. இது ஓரத்துலதான இருக்கு, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பெரியவர் முதல்முறையாகத் தலையசைத்தார்.

அவர் மண்வெட்டி கேட்டார். இடப்புறத்தில் ஈர மண்ணை வழித்தெறிந்து, உலர்ந்த மணல் தெரியும்வரை தோண்டினார். "அகலமா பலகை வேணும் சார், பாரத்தப் பரத்தி வாங்குற மாதிரி." நான் விழித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி உள்ளே போய், எங்கள் கலியாணத்தில் நாங்கள் அமர்ந்த இரண்டு மணைப் பலகைகளையும் மார்போடு அணைத்து எடுத்து வந்தாள். விளிம்பில் செம்மண் கோலம் இன்னும் அழியாமல் இருந்தது. ஒரு கணம் தயங்கினார், அவள் தயங்கவில்லை. மணைகள் மணலில் இறங்கின. அவற்றின் மேல் கட்டைகள் அடுக்காயின. ஜாக்கி காரை மெல்லத் தூக்கி அவற்றின் மேல் வைத்தது. மூன்று முறை இடித்தார். என்னை இடிக்கச் சொன்னார். இடித்தேன்.

"ஐயாவ எங்க உக்கார வைக்கப் போறீங்க?" என்றார்.

"வாசல்லதான். நாற்காலி போட்டு" என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. வாசலுக்கும் வீதிக்கும் நடுவே கார். காருக்கும் பெருமாளுக்கும் நடுவே கூட்டம் நிற்கும். நாற்காலியில் அமர்ந்தவருக்கு ஜனங்களின் முதுகுதான் தெரியும்.

"மாடிக்குத் தூக்கிரலாமா?"

"பெருமாளுக்கு மேல அவர் ஒக்கார மாட்டார்" என்றாள் என் மனைவி.

அவர் காரைப் பார்த்தார். கட்டைகளின் மேல் அதன் முன் இருக்கை வழக்கத்தைவிட ஒரு முழம் உயர்ந்து, வீதியை நோக்கி நின்றது. "அப்ப இதுலயே உக்கார வைப்போம். தோள்ல வர்ற சாமிக்குக் கீழதான் இருப்பாரு. கூட்டத்துக்கு மேல இருப்பாரு." பிறகு, சற்று யோசித்து, "நீங்களும் ஆட்டுங்கம்மா. உங்க அப்பா உக்காரப் போறாரு" என்றார்.

அவள் ஒன்பது கஜப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் காரின் மேல் வைத்தாள். முழு பலத்தோடு தள்ளினாள். அந்த வாக்கியத்தையும் சொன்னாள், விளையாட்டாக அல்ல. கார் அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினாள். பிறகுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாமனாரை நானும் அவருமாகக் கைகளைக் கோத்து ஏந்திவந்து முன் இருக்கையில் அமர்த்தினோம். கண்ணாடியை இறக்கிவிட்டோம். வீதி நிறைந்தது. குடை தெரிந்தது, பிறகு தோள்களின் மேல் மிதந்து வருவது போல் பெருமாள். கூட்டம் நெருக்கியது, வேர்வையும் துளசியும் கலந்த அந்த அலை காரின் மேல் வந்து மோதியது. கட்டைகளை அடுக்கித் தந்தவரைத் தேடினேன். காணவில்லை.

குனிந்து பார்த்தபோது, என்னை எங்கிருந்து இழுத்தாரோ அங்கே இருந்தார். தூக்கி நிறுத்திய காரின் அடியில் ஒருக்களித்துப் படுத்து, இடப்புறக் கட்டைகளை இரண்டு கையாலும் பற்றி, தோளை முட்டுக் கொடுத்திருந்தார்.

"வெளியில வாங்கோ!" என்று கத்தினேன்.

"கூட்டம் இடிக்குது சார். கட்டைய ஒருத்தர் பாத்துக்கணும்ல. நீங்க அங்க பாருங்க."

நான் அங்கே பார்த்தேன். மாமனாரின் இடது கை எழுந்தது. வலது கை எழவில்லை. என் மனைவி கதவருகே நின்று, செயலற்ற அந்த வலது கையைத் தன் கையில் எடுத்து, இடது கையோடு சேர்த்து வைத்துப் பிடித்துக்கொண்டாள். பெருமாள் எங்கள் வாசலில் ஒரு கணம் நின்றதாக எனக்குத் தோன்றியது. எல்லா வாசல்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றுமாம்.

கூட்டம் கலைந்த பின் அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவர் சட்டையின் முதுகில் கோலத்தின் இரண்டு இழைகள் தலைகீழாகப் பதிந்திருந்தன.

"நீங்க சேவிக்கவே இல்லையே" என்று என் மனைவி வருந்தினாள்.

"காலுங்களப் பாத்தேன்மா, தூக்கிட்டு வந்தவங்க காலுங்கள. என்னா நடை! அடிக்கு அடி ஆட்டி ஆட்டிப் பாத்துத்தான் தூக்கிட்டு வர்றாங்க." தம் தொழிலைச் சேர்ந்தவர்களைக் கண்டுகொண்ட திருப்தியோடு தூக்கை வாங்கிக்கொண்டார். "நல்ல ஆளுங்க."

அந்த ஆடியில் மாமனார் காலமானார். எண்பதுகளின் தொடக்கத்தில் தொழிற்சாலை அவரை வடக்கே ஏதோ ஒரு கட்டுமான இடத்துக்கு அனுப்பியது. இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் காரின் முன்பக்கத்தைப் பற்றித்தான் விசாரித்திருந்தார். பிறகு காரும் போயிற்று, முகவரியும் போயிற்று. இன்று அவர் இருக்கிறாரா என்று அறியேன். மணைகளில் கட்டை அழுந்திய தடம் மட்டும் கடைசிவரை இருந்தது. நாள்கிழமைகளில் என்னை அந்தத் தடத்தின் மேல்தான் உட்கார வைப்பாள் என் மனைவி.

சென்ற மாசியில் அவள் போனாள். பதினொரு நாள் மருத்துவமனை. அதைப் பற்றி இங்கே எழுத எதுவுமில்லை. வாசலில், கார் நின்றிருந்த அதே இடத்தில், மூங்கிலும் கயிறும் வைத்துக் கட்டி முடித்திருந்தார்கள். அவளை அதில் கிடத்தினார்கள். நான்கு பேர் நான்கு முனைகளுக்குக் குனிந்தார்கள்.

"கொஞ்சம் இருங்கோ" என்றேன்.

ஏதோ மறந்துவிட்டேன் என்று நினைத்து வழி விட்டார்கள். நான் பக்கவாட்டில் போய் நின்று, மூங்கிலின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத் தள்ளினேன். மூன்று முறை. கயிறு எங்கும் தளரவில்லை.

"தூக்கலாம்" என்றேன்.